210-இல் ஒன்று: கருக்காலப் பரிசோதனை மையம் ஒன்றின் மதிப்புரை

கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பை அறிய முதலில் சென்ற ஆய்வகம் கொடுத்த அறிக்கையில் ‘ஹை ரிஸ்க்’ என்ற இரண்டு சொற்கள் சிவப்பில், தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. அதற்கு ஒரு வரி கீழே 1:210 என்ற எண் சாதாரணக் கறுப்பில் இருந்தது. ஒட்டிய உறையைக் கவுன்ட்டரில் நீட்டிய பெண் “டாக்டர்கிட்ட காட்டுங்க மேடம்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்வது அவர் வேலையும் அல்ல. எந்த டாக்டரிடம், எத்தனை நாளுக்குள், எதைக் கேட்பதற்காகப் போக வேண்டும் என்று தெரியாமல், கறுப்பு எண்ணை விட்டுவிட்டு அந்தச் சிவப்புச் சொற்களையே நானும் என் கணவரும் அன்றிரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பின் கருவிலுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஃபீட்டல் மெடிசின் மையம் ஒன்றுக்குப் போனோம். அடுத்த நான்கு மாதங்களில் ஐந்து முறை அங்கே சென்றிருக்கிறேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பனிக்குட நீர்ப் பரிசோதனை எல்லாம் அங்கேதான் நடந்தன. இந்த மதிப்புரை அந்த மையத்தைப் பற்றியது. நிறைகளோடு குறைகளையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அங்கே எங்களை நேரே ஸ்கேன் அறைக்கு அனுப்பாமல் மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். இதை முதல் நிறையாகச் சொல்ல வேண்டும். அவர் பழைய அறிக்கையின் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, புரட்டிக்கொண்டு மூன்றாம் பக்கத்துக்குப் போய், “கர்ப்ப காலத்தை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்?” என்று கேட்டார். கடைசி மாதவிடாய்த் தேதிப்படி ரத்தம் எடுத்த அன்று எனக்கு 13 வாரம் ஒரு நாள். ஆனால் அதே ஆய்வகத்தின் ஸ்கேனில் கருவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரையிலான நீளம், அதாவது சி.ஆர்.எல்., 58 மில்லிமீட்டர் என்று பதிவாகியிருந்தது. அது ஏறக்குறைய 12 வாரம் இரண்டு நாளுக்குரிய நீளம். ஆறு நாள் வித்தியாசம். எனக்கு மாதவிடாய்ச் சுற்று எப்போதுமே நீளமானது என்பதை அந்த ஆய்வகத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த ஆறு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். டபுள் மார்க்கர் என்று எல்லோரும் சொல்லும் பரிசோதனையில் தாயின் ரத்தத்திலுள்ள இரண்டு பொருட்களை அளக்கிறார்கள்: ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி., பாப்-ஏ. இரண்டுமே நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. கருவுக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால், அதாவது டவுன் சிண்ட்ரோம் இருந்தால், பொதுவாக முன்னது வழக்கத்தைப் போல இரு மடங்காக உயர்ந்தும், பின்னது பாதியளவுக்குக் குறைந்தும் காணப்படும். ஆனால் ‘வழக்கம்’ என்ற அளவே நாளுக்கு நாள் மாறுகிறது. அந்த வாரங்களில் பாப்-ஏ விறுவிறுவென்று ஏறிக்கொண்டும், பீட்டா எச்.சி.ஜி. இறங்கிக்கொண்டும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பெண்ணின் அளவையும் அதே நாளிலுள்ள மற்றவர்களின் நடு அளவால் வகுத்து, எம்.ஓ.எம். என்ற மடங்காக மாற்றுகிறார்கள். 12 வாரக் கருவை 13 வாரம் என்று எண்ணிவிட்டால், அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிடப் பாப்-ஏ குறைவாகத் தெரியும், பீட்டா எச்.சி.ஜி. அதிகமாகத் தெரியும். இரண்டு பிழையும் ஒரே திசையில், டவுன் சிண்ட்ரோமின் திசையில், இழுக்கும். என் அறிக்கையில் நடந்தது அதுதான். எடை, புகைப்பழக்கம், நீரிழிவு, செயற்கைக் கருத்தரிப்பு ஆகியவற்றுக்காகவும் இந்த மடங்கைத் திருத்த வேண்டும். படிவத்தில் எடைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ரத்தம் கொடுத்து வருபவர்கள் எத்தனை பேர் என்று அன்று யோசித்தேன்.

சரியான தேதியைப் போட்டுக் கணக்கிட்டபோது 1:390 வந்தது. இது நிம்மதி தரும் எண்ணா என்று கேட்டேன். ஆலோசகர் உடனே ஆம் என்று சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து புள்ளிகள் அச்சிட்ட ஒரு தாளை எடுத்து, பென்சிலால் வரிசைக்குப் பதினைந்தாகப் பதினான்கு வரிசைகளைச் சுற்றி வளைத்து, அதற்குள் ஒரே ஒரு புள்ளியைக் கருப்பாக்கினார். “இதுதான் உங்கள் பழைய அறிக்கை” என்றார். 209 வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே அந்தக் கறுப்புப் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது. பிறகு மேலும் பன்னிரண்டு வரிசைகளைச் சேர்த்து வளைத்துவிட்டு, “இது புதியது” என்றார். முந்தைய இரவு எங்கள் தூக்கத்தைக் கெடுத்த சொற்களுக்கும் இந்தத் தாளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல் இருந்தது. ‘ஹை ரிஸ்க்’ என்பது யாரோ கிழித்த ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத்தான் குறிக்கிறது. பல ஆய்வகங்கள் அந்தக் கோட்டை 250-இல் ஒன்று என்று வைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் திட்டம் 150-இல் ஒன்று என்று வைத்திருக்கிறது. அதே 210 ஓரிடத்தில் சிவப்பாகவும் இன்னோரிடத்தில் பச்சையாகவும் அச்சாகும். கருவில் எதுவும் மாறியிருக்காது.

எனக்கு வயது 35 என்பதால் வயதைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் ஏறத்தாழ 1,250-க்கு ஒன்று, 35 வயதில் 350-க்கு ஒன்று, 40 வயதில் 100-க்கு ஒன்று. ஜான் லாங்டன் டவுன் இந்நிலையை விவரித்தது 1866இல். கூடுதல் குரோமோசோமே காரணம் என்று ஜெரோம் லெஜூன் குழுவினர் வெளியிட்டது 1959இல். இடைப்பட்ட காலத்தில், 1933இல், தாயின் வயதுக்குத் தொடர்பிருப்பதை லயனல் பென்ரோஸ் எண்களைக் கொண்டு காட்டியிருந்தார். பிறகு நெடுங்காலம் வயது ஒன்றையே அளவுகோலாக வைத்து, 35-ஐத் தாண்டியவர்களை மட்டும், வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆனால் குழந்தை பெறுபவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர் என்பதால், டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளிலும் பாதிக்கு மேல் இளம் தாய்மார்களுடையதாகவே இருந்தது. “வயசாயிடுச்சுல்ல, அதான்” என்று என்னிடம் சொன்ன உறவினர்கள் அனைவருக்கும் இந்தப் பத்தியை அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

அதன்பின் ஆலோசகர் கேட்ட கேள்விக்கு நாங்கள் தயாராக இல்லை. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இன்று சொல்ல வேண்டாம், தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு என்பதை ஒரு பரிசோதனை மையத்தில், பரிசோதனை விற்கும் இடத்தில், வாய்விட்டுச் சொல்லிக் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அருகில் பிறவி இதயக் குறை இருக்கும், அதில் பெரும்பாலானவற்றை இன்று அறுவையால் சரிசெய்ய முடியும், கற்றலில் தாமதம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும், நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில் சராசரி ஆயுள் இன்று அறுபதை ஒட்டி நிற்கிறது என்பவற்றையெல்லாம் பயமுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் சொன்னார். நாங்கள் தெரிந்துகொள்ளவே விரும்பினோம்.

ஸ்கேன் அறையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கருவி புதிது, அறை குளிர்ந்தது, ஜெல்லைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். பிடரித் தோலுக்கு அடியில் தேங்கும் நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேனை, முன்பு எடுத்திருந்தும், மறுபடியும் எடுத்தார்கள். 11 வாரம் முதல் 13 வாரம் ஆறு நாள் வரை, சி.ஆர்.எல். 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே இந்த அளவு செல்லும். கரு பக்கவாட்டில் நேராகக் கிடக்க வேண்டும். கழுத்து நிமிர்ந்திருந்தால் அளவு கூடும், குனிந்திருந்தால் குறையும். தலையும் மேல் மார்பும் மட்டுமே திரையை நிரப்பும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். என் வயிற்றில் இருந்தவர் இருபது நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். மருத்துவர் அவசரப்படாமல் என்னை எழுந்து நடக்கச் சொல்லி, இருமச் சொல்லி, மீண்டும் படுக்கச் சொல்லி, மூன்று முறை அளந்து பெரியதைக் குறித்துக்கொண்டார்: 1.9. மூன்றரை மில்லிமீட்டரை எட்டினால் ரத்தப் பரிசோதனைகளுக்குக் காத்திராமல் நேரே ஊசிப் பரிசோதனைக்கும் கருவின் இதய ஸ்கேனுக்கும் போக வேண்டியிருக்கும் என்று அப்போதுதான் சொன்னார். மூக்கெலும்பு தெரிகிறதா என்றும் பார்த்தார். வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. முதல் ஆய்வகத்தில் இதே ஸ்கேன் ஏழு நிமிடத்தில் முடிந்திருந்தது.

390-இல் ஒன்று என்ற இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கு என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பது அந்த மையத்தின் வழக்கம். தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்பதை டென்னிஸ் லோ குழுவினர் 1997இல் கண்டறிந்தார்கள்; 2011இல் அது பரிசோதனையாகச் சந்தைக்கு வந்தது. கருவின் டி.என்.ஏ. என்று சொல்வது வழக்கமே தவிர, உண்மையில் அது நஞ்சுக்கொடியின் செல்கள் சிதைந்து கலப்பது. நஞ்சுக்கொடியும் கருவும் ஒரே முட்டையிலிருந்து வந்தாலும் சில சமயம் குரோமோசோம் கோளாறு நஞ்சுக்கொடியோடு நின்றுவிடுவதுண்டு. அப்படிப்பட்ட வேளையில் பரிசோதனை நஞ்சுக்கொடியைப் பற்றிச் சரியாகவும் குழந்தையைப் பற்றித் தவறாகவும் சொல்லும். இரட்டைக் கருவில் ஒன்று முன்பே கரைந்துபோயிருந்தாலும், அரிதாகத் தாயின் உடலில் கட்டி இருந்தாலும்கூட முடிவு பிசகும். ஆகவே இது எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் வாய்ப்பை மட்டும் சொல்லும் ஸ்கிரீனிங் வகையைச் சேர்ந்ததுதான்; இதன் முடிவை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைப் பற்றிய எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ஒப்புதல் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள்.

மையத்தின் வரவேற்பறையில் வைத்திருந்த வழவழப்பான மடிப்புத்தாள் வேறு கதை சொன்னது. 99 சதவீதத்துக்கும் மேல் துல்லியம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த எண் பொய் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு கருக்களில் 99-ஐ அது கண்டுபிடிக்கிறது. ஆனால் ‘வாய்ப்பு அதிகம்’ என்று முடிவு வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே அது இருக்கிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. பத்தாயிரம் இளம் பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் பத்துப் பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதாகவும், பரிசோதனை அந்தப் பத்தையும் பிடித்துவிடுவதாகவும், மீதிப் பேரில் ஆயிரத்துக்கு ஒருவரைத் தவறாகச் சுட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். பத்து சரியான எச்சரிக்கைகள், பத்து தவறான எச்சரிக்கைகள். சிவப்புத் தாள் வாங்கிய இருபது பேரில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. வயது கூடக்கூட இந்த விகிதம் சீராகும். தேடும் கோளாறு அரிதாக அரிதாக மோசமாகும். இதைத் தாளில் போட்டுக் காட்டியவரும் அதே மையத்தின் ஆலோசகர்தான். ஒரே கூரைக்குக் கீழே வரவேற்பறை ஒன்று சொல்ல, உள்ளறை இன்னொன்று சொல்வதை மையம் எப்படி அனுமதிக்கிறது என்று தெரியவில்லை.

பணம் கட்டும் இடத்தில் இந்த முரண் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ரத்தம் கொடுக்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர், 13, 18, 21 ஆகிய மூன்று குரோமோசோம்களோடு நிறுத்திக்கொள்ளாமல், குரோமோசோம் துண்டுகளின் மிக நுண்ணிய இழப்புகளையும் பார்க்கும் விரிவான தொகுப்பை எடுத்துக்கொள்ளும்படி இரண்டு முறை வற்புறுத்தினார். அவ்வளவு அரிதான கோளாறுகளுக்கு வரும் ‘அதிகம்’ என்ற முடிவில் பெரும்பகுதி பொய் எச்சரிக்கையாகவே இருக்கும் என்பதை அரை மணி நேரத்துக்கு முன்புதான் கேட்டிருந்தேன் என்பதால் மறுத்துவிட்டேன். கேட்காமல் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அதாவது, முடிவு இல்லை என்ற முடிவு வந்தது. ரத்தத்தில் உள்ள மொத்தத் துணுக்குகளில் கருவின் பங்கு வழக்கமாகப் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெரும்பாலான ஆய்வகங்களுக்குக் குறைந்தது நான்கு சதவீதமாவது வேண்டும். எனக்கு 3.1. உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு இது நேர்வது உண்டு, எனக்கும் எடை கூடுதல்தான். மறுபடி ரத்தம் கொடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முடிவு வந்துவிடும், அதற்குக் கட்டணம் இல்லை என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்; நிறுத்தவில்லை. முடிவு வராத பெண்களின் கருக்களில் குரோமோசோம் கோளாறுகள், குறிப்பாக 13, 18 சார்ந்தவையும், எல்லாக் குரோமோசோம்களும் மும்மூன்றாக இருக்கும் டிரிப்ளாய்டி என்பதும், சற்றுக் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதையும், ஆகவே நேரே ஊசிப் பரிசோதனைக்குப் போவதும் நியாயமான வழிதான் என்பதையும் மருத்துவரே சொன்னார். இலவச மறுபரிசோதனையைத் தந்துவிட்டு வாயை மூடிக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

அம்னியோசென்டெசிஸ் என்ற பனிக்குட நீர்ப் பரிசோதனையை 15 வாரம் முடிந்த பிறகே செய்ய வேண்டும். அதற்கு முன்பு செய்தால் கருச்சிதைவும், பாதம் வளைந்து பிறப்பதும் கூடுகின்றன என்பது தெரிந்த விஷயம். நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுக்கும் சி.வி.எஸ். பரிசோதனையை அதற்கு முன்பே செய்ய முடியும், ஆனால் பத்து நாள் காத்திருப்பில் எனக்கு அதற்கான காலம் ஓடிவிட்டிருந்தது. கருச்சிதைவு அபாயம் எவ்வளவு என்று கேட்டபோது, நூற்றுக்கு ஒன்று என்று பழைய நூல்களில் இருக்கும் கணக்கையும், ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை என்று அண்மைக்கால ஆய்வுத் தொகுப்புகள் காட்டும் கணக்கையும் சொல்லி, தாம் சென்ற ஆண்டு செய்தவற்றின் எண்ணிக்கையையும் இழப்பையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார் மருத்துவர். ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் எவ்வளவு விரைவாக வருகிறது என்று பார்க்கலாம்.

16ஆவது வாரத்தில் செய்துகொண்டேன். வயிற்றை மருந்திட்டுத் துடைத்து, ஸ்கேன் கருவியின் தலைக்கு உறை மாட்டி, நஞ்சுக்கொடி முன்பக்கமா பின்பக்கமா என்று பார்த்து, நீர் திரண்டிருக்கும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் ஆனது. ஊசி நீளம், ஆனால் ரத்தம் எடுக்கும் ஊசியை ஒத்த மெல்லியது. மரத்துப்போக ஊசி போடவில்லை. அதுவும் ஒரு குத்துதானே என்றார் செவிலியர், சரிதான். தோலில் ஒரு சுருக்கு, பிறகு கருப்பைச் சுவரைத் தாண்டும்போது மாதவிடாய் வலியைப் போன்ற ஓர் இறுக்கம். திரையில் சாய்ந்த வெள்ளைக் கோடாக ஊசி இறங்கியது. கோட்டின் முனையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் குழந்தையின் கை திறந்து மூடியது. நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் இரண்டு மில்லியைத் தனியாக உறிஞ்சி ஒதுக்கினார்கள். என் செல்கள் ஏதேனும் கலந்திருந்தால் அதோடு போய்விடும். பிறகு புதுச் சிரிஞ்சில் இருபது மில்லி: வெளிர் மஞ்சள், தெளிந்த நீர். பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான், திரும்ப ஊறிவிடும் என்றார் மருத்துவர். குப்பியில் ஒட்டிய சீட்டிலுள்ள பெயரையும் பிறந்த தேதியையும் என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். ஊசி உள்ளே இருந்தது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். என்னுடையது நெகட்டிவ் ரத்தப் பிரிவு என்பதால், என் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசியையும் அன்றே போட்டார்கள். அதைச் செவிலியர் படிவத்தில் பார்த்து நினைவூட்டினார். அரை மணி நேரம் கழித்து இதயத்துடிப்பைக் காட்டி அனுப்பினார்கள். நீர்க்கசிவு, காய்ச்சல், ரத்தப்போக்கு இருந்தால் எந்நேரமும் அழைக்க ஓர் எண் கொடுத்தார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு சந்தேகத்துக்கு அழைத்துப் பார்த்தேன், இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

இந்த மையத்தின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் அதற்கு மூன்றாம் நாள் நடந்தது. கியூ.எஃப்.-பி.சி.ஆர். என்ற விரைவுப் பரிசோதனையின் முடிவை ஆலோசகரே தொலைபேசியில் சொல்வார் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். இரவு 9.40-க்கு ‘உங்கள் அறிக்கை தயாராக உள்ளது’ என்று ஒரு குறுஞ்செய்தி, கீழே ஒரு சுட்டி. கணவர் வெளியூரில் இருந்தார். சுட்டியைத் தொட்டால் பி.டி.எஃப். திறந்தது, நான்கு பக்கம், குறியீடுகளும் முகடுகளுமாக வரைபடங்கள், முடிவு கடைசிப் பக்கத்தின் அடியில். அந்த நான்கு பக்கங்களைக் கைபேசியில் தள்ளித் தள்ளிக் கீழே வந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. 13, 18, 21 மூன்றும் இயல்பு. ஆலோசகர் மறுநாள் காலை 10 மணிக்கு அழைத்தார். கணினி தானாக அனுப்பிவிட்டது என்று வருந்தினார். என் முடிவு வேறாக இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

குரோமோசோம்களை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும் மைக்ரோஅரே முடிவு வர மேலும் இரண்டு வாரம் ஆனது. அதற்கான ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நோயா இல்லையா என்று இன்று யாராலும் சொல்ல முடியாத மாற்றம் ஏதேனும் தென்பட்டால் அதைத் தெரிவிக்கவா, வேண்டாமா? வேண்டாம் என்று குறியிட்டேன். இப்படி ஒரு கட்டம் படிவத்தில் இருக்கிறதா என்பதையே பலர் கவனிப்பதில்லை. முடிவு இயல்பு என்று வந்தபோதும், ஒற்றை மரபணுக் கோளாறுகளையோ, ஆட்டிசத்தையோ இது பார்ப்பதில்லை என்று அறிக்கையின் கீழேயே அச்சிட்டிருந்தார்கள்.

உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் 20ஆவது வாரத்து அனாமலி ஸ்கேனில் ஒரு சிறு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். புரோபை வைப்பதற்கு முன் மருத்துவர், “முதல் பத்து நிமிஷம் நான் எதுவும் பேச மாட்டேன். அளந்துகிட்டிருப்பேன். பேசலைன்னா ஏதோ தப்புன்னு நினைக்காதீங்க” என்றார். ஸ்கேன் மேசையில் படுத்து ஒரு மருத்துவரின் மௌனத்தைப் படிக்க முயன்றவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். பிறகு இதயத்தின் நான்கு அறைகள், வெளியேறும் இரு ரத்தக்குழாய்கள், முதுகெலும்பு, சிறுநீரகங்கள், மேலுதடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். என் பாப்-ஏ திருத்திய பிறகும் சற்றுக் குறைவாகவே இருந்ததால், நஞ்சுக்கொடியின் வேலை பின்னாளில் குறையக்கூடும் என்று 28ஆவது வாரத்தில் ஒரு வளர்ச்சி ஸ்கேனுக்கு நாள் குறித்தார்கள். பரிசோதனையின் பக்கவிளைவாகக் கிடைத்த இந்தத் தகவல்தான் கடைசியில் எனக்குப் பயன்பட்டது.

மற்ற குறைகள் சிறியவை. பத்து மணி என்று நேரம் கொடுத்துப் பன்னிரண்டரைக்கு அழைத்தார்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு வரும்படி செய்தி அனுப்பிவிட்டு, உள்ளே போனதும் தேவையில்லை, போய் வாருங்கள் என்றார்கள். இரண்டு மணி நேரம் அடக்கியிருந்த கர்ப்பிணியிடம் இதைச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். முடிவை விளக்கும் சந்திப்புக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை. மாற்று மருத்துவர் ஒருவர் முழு விளக்கத்தையும் என் கணவரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். வயிற்றில் ஜெல்லோடு படுத்திருந்தவள் நான். எல்லாவற்றையும்விட, நல்ல செய்திக்குக் காத்திருப்பவர்களும் கெட்ட செய்தியோடு வெளியே வருபவர்களும் ஒரே வரிசை நாற்காலிகளில் உட்கார வேண்டியிருப்பது அந்தக் கட்டடத்தின் அமைப்பிலேயே உள்ள குறை. ஒருமுறை என் பக்கத்தில் வந்து அமர்ந்த பெண் கையிலிருந்த ஸ்கேன் படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். எதிரே சுவரில் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன.

இங்கே போகிறவர்கள் வெளியே வருமுன் சி.ஆர்.எல்., எடை, இரண்டு எம்.ஓ.எம். மதிப்புகள் ஆகியவை உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் சுருக்க அறிக்கை மட்டும்தான். குறுஞ்செய்தி விஷயத்தை எழுத்தில் புகாராகக் கொடுத்தேன். இனி ஆலோசகர் பேசி முடித்து அனுமதித்த பிறகே சுட்டி போகும்படி மாற்றியிருப்பதாக ஒரு வாரத்தில் பதில் வந்தது. 28ஆவது வார ஸ்கேன் அறிக்கையின் சுட்டி, மருத்துவர் அழைத்துப் பேசிய பிறகு, மாலை 4.15-க்கு வந்தது.